"5 கிலோவாட் சோலார்" என்று விலை சொன்னால், எதில் 5 என்று கேளுங்கள்

இ.பி. லைன் இல்லாத தோட்டத்து வீட்டுக்கு சோலார் போட நினைக்கிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். "5 கிலோவாட் ஆஃப்-கிரிட் சிஸ்டம்" (இ.பி. லைனோடு சேராமல் தனியாக ஓடும் அமைப்பு) என்று சொல்லி எங்களிடம் 4,20,000 ரூபாய் வாங்கினார்கள். மாட்டிவிட்டுப் போனது 2 கிலோவாட் பேனலும், புது ஸ்டிக்கர் ஒட்டிய பழைய பேட்டரிகளும், காற்றில் கரண்ட் எடுக்கும் என்று சொன்ன, ஓடாத ஒரு காற்றாடியும். இதே பேச்சை எங்கள் பக்கத்து ஊர்களிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

எங்கள் தோப்பு செங்கோட்டைப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். லைன் இழுக்க வேண்டுமானால் அடுத்தவர் நிலத்தில் கம்பம் நட வேண்டும். அதற்குச் சம்மதம் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு இன்சுலின் உண்டு, அதை வைக்க பிரிட்ஜ் நிற்காமல் ஓட வேண்டும். எங்கள் தேவை இதுதான் என்று சோலார் நிறுவனத்திலிருந்து வந்தவரிடம் முதலிலேயே சொன்னோம். "கவலையே படாதீங்க அண்ணாச்சி. அஞ்சு கிலோவாட்டு போட்டுருவோம். பிரிட்ஜ், மோட்டார், மிக்சி எல்லாம் ஓடும். ராத்திரி முழுக்க ஃபேன் சுத்தும்" என்று அப்பாவிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

வேலை முடிந்து முதல் வாரத்திலேயே நள்ளிரவு தாண்டியதும் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. விடிவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். போன் செய்தால் "பேட்டரி செட் ஆகணும், ஒரு மாசம் ஓட்டுங்க" என்பார். அப்புறம் "லோடு அதிகம் போடுறீங்க" என்றார். மூன்று ஃபேன், நாலு லைட், ஒரு சின்ன பிரிட்ஜ். அவரே எழுதிக்கொண்டு போன லோடுதான் அது.

பாவூர்சத்திரத்திலிருந்து தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டிவந்து காட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த "5" என்பது இன்வெர்ட்டரின் 5 கேவிஏ, அதாவது அது ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்ற அளவு. பேனலைக் கணக்குப் பண்ணினால் 335 வாட்டில் ஆறு. மொத்தம் 2,010 வாட். பில்லில் இரண்டும் பிரித்து எழுதப்படவில்லை. "5 KW சோலார் சிஸ்டம் - 1 செட்" என்று ஒரே வரி. பேனல் எத்தனை, எத்தனை வாட், பேட்டரி எந்தக் கம்பெனி, என்ன சீரியல் நம்பர், ஒன்றும் கிடையாது.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மோசடி முழுக்க இந்த இடத்தில்தான் நடக்கிறது. பேனல் என்பது ஊற்று, பேட்டரி தொட்டி, இன்வெர்ட்டர் குழாய். குழாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஊற்றில் ஊறுவதும் தொட்டியில் நிற்பதும்தான் வரும். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். உண்மையிலேயே 5 கிலோவாட் பேனல் இருந்தால் 20 யூனிட். எங்களுக்குக் கிடைக்கக்கூடியது 8. பேட்டரியில் ஏறி இறங்கும் சேதாரம் போக 6 வந்தால் பெரிது. அதுவும் சாரல் காலத்தில் கிடையாது. ஜூன் பிறந்தால் எங்கள் பக்கம் நாள்கணக்கில் வானம் மூடியே கிடக்கும். ஆஃப்-கிரிட் என்றால் அந்த மூடிய நாட்களை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும், மார்ச் மாத வெயிலை வைத்து அல்ல.

பேட்டரிக் கணக்கு இன்னும் மோசம். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் என்கிற லெட் ஆசிட் வகையில் நான்கு; பெருக்கினால் 7,200 வாட்-மணி, அதாவது 7.2 யூனிட். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் அது சீக்கிரம் செத்துவிடும். ஆக, கையில் இருப்பது 3.6 யூனிட். சாதாரண 75 வாட் ஃபேன்கள் மூன்றும் ஒன்பது மணி நேரம் ஓடினாலே 2 யூனிட் போய்விடும். பிரிட்ஜும் லைட்டும் சேர்ந்தால் புத்தம் புது பேட்டரியே விடியற்காலை வரை இழுத்துப் பிடித்துத்தான் நிற்கும்.

எங்களுக்கு வந்ததோ புதுசும் இல்லை. எலக்ட்ரீஷியன், ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் போட்டுப் பார்த்தார். முழு சார்ஜில் 1.240 பக்கம் காட்ட வேண்டிய அடர்த்தி, இரண்டு பேட்டரிகளில் 1.150-ஐத் தாண்டவில்லை. நான்கும் வரிசையாக இணைத்தவை என்பதால், ஒன்று படுத்தாலும் மொத்தமும் படுத்துவிடும். ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது, உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர். பேட்டரியின் உடம்பிலேயே பொறித்திருந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் சேவை எண்ணில் சொல்லிக் கேட்டோம். நான்கு வருடம் முன்பு தயாரானது, வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். பழைய பேட்டரியில் ஆசிட்டை மாற்றி, மேலே புதுத் தோல் போர்த்தி விற்றிருக்கிறார்கள்.

காற்றாடி விஷயத்தைக் கேளுங்கள். "சாரல் நேரம் வெயில் இருக்காது, ஆனா நம்ம கணவாய்க் காத்து இருக்குல்லா அண்ணாச்சி, அது ஈடு கட்டிரும்" என்று சொல்லி 1 கிலோவாட் காற்றாடிக்குத் தனியாக 65,000 ரூபாயை அந்தத் தொகைக்குள் சேர்த்திருந்தார். செங்கோட்டைக் கணவாய்க் காற்று உண்மைதான். சுரண்டை வரைக்கும் காற்றாலைகள் நிற்பதை எல்லோரும் பார்க்கிறோம். அதனால்தான் அந்தப் பேச்சு எடுபடுகிறது. ஆனால் அந்த 1 கிலோவாட் என்பது காற்று நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அடிக்கும்போது. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதாவது 125 வாட். பெரிய காற்றாலைகளை அவ்வளவு உயரத்தில் நிறுத்துவது சும்மா இல்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினைந்து அடிக் குழாயில், தென்னை மட்டைகளுக்குக் கீழே மாட்டினால் அங்கே சுழல் காற்றுதான் வரும். அது அப்படியும் இப்படியும் திரும்புகிறதே தவிர, பேட்டரிக்கு ஒன்றும் ஏறவில்லை.

பணம் போனதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது வயரிங்கைப் பார்த்துத்தான். பேனலிலிருந்து இறங்கும் லைன் 100 வோல்ட்டுக்கு மேல் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். அதற்கு வெயில் தாங்கும் சோலார் கேபிள் போடாமல் சாதாரண வீட்டு ஒயர் இழுத்திருந்தார்கள். பாதுகாப்புக்குப் போட்டிருந்தது, சாதாரண வீட்டு லைனுக்கான ஏசி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்). ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுத் திரும்பும், அதனால் சுவிட்ச் பிரியும்போது வரும் பொறி தானாக அணையும். டிசிக்கு அந்தப் பூஜ்ஜியம் கிடையாது, பொறி நின்று எரியும். அந்த எம்சிபி இருந்த பெட்டி உள்ளே உருகிக் கருகியிருந்தது. எர்த் குழி தோண்டவே இல்லை, இடிதாங்கியும் இல்லை. பெட்டியை ஒட்டி ஓலை வேய்ந்த சாய்ப்பு, அதன் கீழேதான் அப்பா மதியம் கட்டில் போட்டுப் படுப்பார். இது ஏமாற்று என்பதோடு முடிகிற விஷயமில்லை.

மானியத்தைப் பற்றியும் பொய். "78,000 ரூபாய் அரசாங்கத்துல திரும்ப வரும்" என்று சொல்லியே விலையைக் குறைத்துக் காட்டினார். 2024-இல் வந்த, வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் உண்டு என்பது சரி. ஆனால் அது இ.பி. இணைப்பு உள்ள வீடுகளுக்கு, லைனோடு சேர்த்து நெட் மீட்டர் (லைனிலிருந்து வாங்குவதையும் லைனுக்குக் கொடுப்பதையும் கணக்கிடும் மீட்டர்) போடுகிற அமைப்புக்கு. இணைப்பு எண்ணே இல்லாத வீட்டுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தகுதி உள்ளவர்களுக்கும் அந்தப் பணம் நேராக அவரவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். "நாங்க வாங்கித் தர்றோம்" என்று எவரும் சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று, அந்த லைனோடு இணைந்த சாதாரண அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். "கரண்ட் போனாலும் உங்க வீட்ல எரியும்" என்று பேட்டரி இல்லாத அமைப்பை விற்கிறார்கள் என்றால் அதுவும் பொய். கிணற்று மோட்டாருக்கு மட்டும் சோலார் வேண்டும் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில், விவசாய சோலார் பம்புக்கான பிஎம் குசும் திட்டம் பற்றிக் கேளுங்கள். ஆஃப்-கிரிட் பம்புக்கு இப்போது மானியம் கிடைக்குமா என்று அங்கே விசாரியுங்கள்.

இப்போது பேட்டரிகளைப் புதிதாக வாங்கி, டிசி வயரிங்கை முழுக்க மாற்றி, எர்த் போட்டாயிற்று. ஃபேன்களை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி வகைக்கு மாற்றியதில் இரவு தாண்டுகிறது. மோட்டாரை வெயில் உச்சியில் மட்டும்தான் போடுகிறோம். சோலார் மாட்டிய நிறுவனம் போனை எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் இல்லை, விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்களுக்குக் கைகொடுப்பது வாட்ஸ்அப்பில் அவர் எழுதிய "5KW, full night backup" என்ற செய்தியும், வங்கி வழியாகப் போன பணமும், ஸ்டிக்கரை உரிக்கும்போது எடுத்த வீடியோவும்தான்.

பேச்சுவார்த்தையில் இருக்கிறவர்கள், பேனல் மொத்தம் எத்தனை வாட், பேட்டரியில் உபயோகிக்கக்கூடியது எத்தனை யூனிட், மூடிய வானத்தில் நாளுக்கு எத்தனை யூனிட் என்று கொட்டேஷனிலேயே தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பேனல், பேட்டரியின் சீரியல் நம்பரும் பில்லில் வர வேண்டும். பேட்டரி வண்டியிலிருந்து இறங்கும்போதே அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சரிபார்த்துவிட்டு, மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.