வேலூரில் ஆன்லைனில் டாக்டருக்கு நேரம் வாங்கிய கதை

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் திருவிழாவில் அம்மன் சிரசு (தலை) ஊர்வலம் பார்க்கவேண்டும் என்று இந்த முறை மே மாதத்திலேயே குடியாத்தம் போயிருந்தேன். திருவிழா, சொந்தக்காரர் வீடுகள், பத்திரப் பதிவு, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதையெல்லாம் எழுத உட்காரவில்லை. அம்மாவை வேலூருக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போன ஒரு காலை நேரத்தைப் பற்றித்தான் எழுதவேண்டும். இங்கிலாந்தில் நான் இருக்கும் லெஸ்டருக்குத் திரும்பிய பிறகும் மனசு ஆறவில்லை.

அம்மாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலையில் கிளிமிபிரைடு, இரண்டு வேளை மெட்ஃபார்மின். கொஞ்ச நாளாகப் பாதத்தில் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சரி, நான் வரும்போது ஒரு நல்ல சர்க்கரை டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று இங்கிலாந்தில் இருந்தபடியே ஒரு தனியார் மருத்துவமனையின் செயலியில் நேரம் வாங்கினேன். சி.எம்.சி. இல்லை, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியும் இல்லை, பெயர் வேண்டாம். பணம் கட்டியதும் செய்தி வந்துவிட்டது: டாக்டர் பெயர், மாடி, அறை எண், நேரம் காலை 10.20.

அந்த 10.20 என்னை எவ்வளவு சந்தோஷப்படுத்தியது என்று சொன்னால் ஊரில் வளர்ந்தவர்களுக்குப் புரியும். முன்பெல்லாம் எப்படி? முதல் பஸ் பிடிக்கவேண்டும். கம்பவுண்டரிடம் பேர் எழுதவேண்டும். நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டு டீக்கடைக்குப் போய் வரவேண்டும். டாக்டர் வீட்டை விட்டுக் கிளம்பினாரா என்று வாட்ச்மேனைக் கேட்கவேண்டும். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன காலத்தில் அம்மா இப்படி எத்தனையோ காலைகளைத் தொலைத்திருக்கிறார். இனி அந்தப் பாடு இல்லை என்று நான் மனசார நம்பினேன்.

சர்க்கரைக்காரர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்குக் கணக்குத் தெரியும். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம் கொடுக்கவேண்டும். அப்புறம் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம். அந்த 10.20-ஐ நடுவில் வைத்துத்தான் அன்றைய பொழுதையே போட்டிருந்தேன். கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியாகக் காலையிலேயே வந்து 7.30-க்கு முதல் ரத்தம். எட்டு மணிக்கு இட்லி, மாத்திரை. பத்து மணிக்கு இரண்டாவது ரத்தம். அப்படியே மேலே போய் டாக்டரைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டரைக்குள் அம்மாவுக்குச் சாப்பாடு. ரத்தப் பரிசோதனை வரைக்கும் ஒரு நிமிஷம் பிசகவில்லை.

டாக்டர் அறைக்கு வெளியே ஒரு மேசை. அதில் ஒரு பையன், அவனுக்கு முன்னால் கோடு போட்ட நீளமான நோட்டு. செல்போனில் இருந்த செய்தியைக் காட்டினேன். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நோட்டில் கடைசிப் பேருக்குக் கீழே நீல பால்பாயின்ட்டில் அம்மா பேரை எழுதினான். பக்கத்தில் 31.

“தம்பி, எங்களுக்கு 10.20-க்கு நேரம் கொடுத்திருக்காங்களே?”

“அது புக்கிங் டைம்க்கா. டாக்டர் டைம் இல்ல.”

“டாக்டர் எப்ப வருவார்?”

“வந்துடுவாருக்கா. உக்காருங்க.”

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனிடம் கம்ப்யூட்டரும் இல்லை, ஆன்லைனில் பதிந்தவர்கள் பட்டியலும் இல்லை. செயலி ஒரு வரிசையை வைத்திருக்கிறது, நோட்டு இன்னொரு வரிசையை வைத்திருக்கிறது, கதவைத் திறக்கிற உரிமை நோட்டுக்குத்தான் இருக்கிறது. அப்படியென்றால் எங்களிடம் எதற்காக 10.20 என்று சொன்னார்கள்? நேரில் வந்தவர்கள் கட்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கட்டியிருந்தோம். குடியாத்தத்திலிருந்து அந்த நேரத்தை நம்பித்தான் வந்தோம்.

சுவரில் டோக்கன் எண் காட்டும் டிவி. அதில் 14 என்று நின்றிருந்தது, முந்தின நாள் மாலையில் நின்ற எண் என்று பக்கத்தில் இருந்த பெரியவர் சொன்னார். அவர் பேரணாம்பட்டிலிருந்து வந்தவர். அவருக்கும் ஆன்லைன்தான், 10.40. அவருக்கு அடுத்து ஒரு பெண், 10.20. எங்களுக்குக் கொடுத்த அதே 10.20! கேட்டுப் பார்த்ததில் அந்த வரிசையில் மூன்று பேருக்கு அதே நேரம்.

10.45-க்கு செல்போன் ஒலித்தது. மருத்துவமனையிலிருந்து செய்தி: இன்றைய ஆலோசனை எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்? நாங்கள் அந்த அறைக்குள் இன்னும் கால்கூட வைக்கவில்லை. பணம் கட்டியதற்குச் செய்தி அனுப்பத் தெரிகிறது, நட்சத்திரம் கேட்கத் தெரிகிறது. டாக்டர் வரத் தாமதமாகும் என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பத் தெரியவில்லை. டாக்டர் ஐசியூவில் மாட்டிக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அது நியாயமான காரணம். உயிருக்குப் போராடுகிறவரை விட்டுவிட்டு எங்களைப் பார்க்க வா என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவைக் கீழே கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்திருப்பேன். இப்போது வருவார், இப்போது வருவார் என்றதால் எழுந்திருக்க முடியவில்லை. நடுவில் கூப்பிட்டுவிட்டால் பேர் கடைசிக்குப் போய்விடும். அது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

டாக்டர் 12.40-க்கு வந்தார். ஒன்றே கால் மணி இருக்கும், அம்மா என் கையைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது. “என்னமோ பண்ணுதுடி” என்றார். உதடு நடுங்கியது, புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வேர்வை நிற்கவில்லை. அந்த மாடியில் இருந்த நர்ஸ் ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார். 62. எழுபதுக்குக் கீழே போனாலே லோ சுகர். உடனே குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்து, 94 வந்த பிறகுதான் அவர் நகர்ந்தார். அந்தப் பெண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்கள் வேளைக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும். மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயிற்றில் சாப்பாடு இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். இது தெரியாத ஆஸ்பத்திரியா? சர்க்கரை டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படி மாத்திரை போட்டுவிட்டு வந்தவர்கள்தானே. அந்த வாசலிலாவது சொன்ன நேரத்துக்கு ஒரு மதிப்பு இருக்கவேண்டாமா?

நான் இருக்கும் ஊரில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். லெஸ்டரில் ஜிபி என்கிற குடும்ப டாக்டரைப் பார்க்கக் காலை எட்டு மணிக்கு போனைப் பிடித்துக்கொண்டு உட்காரவேண்டும். சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினால் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு; அதையும் தாண்டிக் காத்திருப்பவர்கள் ஏராளம். அம்மாவுக்கு வேலூரில் கிடைத்தது போல அதே வாரத்தில் சர்க்கரை டாக்டர் என்பது அங்கே நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனால் 10.20 என்று கொடுத்தால் 10.20, மிஞ்சினால் 10.40. தாமதமானால் முன்னதாகவே சொல்லிவிடுவார்கள். மருந்துச் சீட்டு நாம் சொல்லிவைத்த மருந்துக்கடைக்கு நேராகப் போய்விடும். நேரம் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அது வாக்கு. நம் ஊரில் டாக்டர்கள் திறமையில் ஒரு குறையும் இல்லாதபோது இந்த வாக்கில் மட்டும் ஏன் இத்தனை அலட்சியம் என்பதுதான் என் ஆத்திரம்.

உள்ளே போனதும் டாக்டர் நன்றாகவே பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு பாதத்தையும் கையால் தொட்டுப் பார்த்து, மாத்திரை அளவைக் குறைத்தார். அடுத்த முறை வீடியோவிலேயே பேசிக்கொள்ளலாம், இவ்வளவு தூரம் வரவேண்டாம் என்றார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தச் செயலியில் தமிழே கிடையாது. ஓடிபி வருவது என் தம்பி போனுக்கு, அவன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அவன் போனை எடுக்கவில்லையென்றால் அம்மாவுக்கு டாக்டரே இல்லை.

அப்புறம்தான் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தெருவுக்கு வந்து பிரஷர் பார்க்கும் பெண், “அத்தை, நம்ம சென்டர்லயே டாக்டர்கிட்ட வீடியோல பேசலாமே, எனக்குச் சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றார். வீட்டுக்கு நாலு தெரு தள்ளி அரசு நலவாழ்வு மையம். போனோம். சிஸ்டர் டேப்லெட்டில் இ-சஞ்சீவனியைத் திறந்தார். 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது நேரடியாக மக்களுக்கே திறந்துவிட்ட மத்திய அரசின் இலவச சேவை அது; வீட்டிலிருந்தும் பேசலாம், இப்படி மையத்தில் உட்கார்ந்தும் பேசலாம். சிஸ்டர் முதலில் பிரஷர், சர்க்கரை, எடை மூன்றையும் பார்த்து எழுதினார். வேலூர் டாக்டர் கொடுத்த சீட்டைப் படமெடுத்து ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் திரையில் வந்தார். அம்மா வழக்கம்போல “நல்லாத்தான் இருக்கேன்” என்று ஆரம்பிக்க, சிஸ்டர் விடவில்லை: “ராத்திரி கால் எரியுதுன்னு என்கிட்ட சொன்னீங்களே, அதச் சொல்லுங்க.” லோ சுகர் ஆனதையும் அவரே எடுத்துச் சொன்னார். சீட்டு டேப்லெட்டிலேயே வந்தது, தமிழில் படித்துக் காட்டினார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நூறு வருஷத்துக்கு முன்னால், சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து குடியாத்தம் வருகிற வழியெல்லாம் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சாலையோரம் காத்திருந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதே சாலையில்தான் நான் சர்க்கரைக்காரத் தாயை வெறும் வயிற்றோடு பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். டாக்டர் ஆளிடம் வருகிற பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச்சை எடுத்துக்கொடுக்க சிஸ்டர் மாதிரி ஒருவர் இருந்தால் வீடியோ வைத்தியம் அம்மா வயசுக்காரர்களுக்கும் ஒத்துவரும். போனை மட்டும் கையில் கொடுத்தால் வராது.

மருத்துவமனைக்கு விவரமாக ஒரு புகார் எழுதினேன். பதில் சொல்ல போனிலேயே கூப்பிட்டார்கள், அந்த மரியாதைக்கு நன்றி. இனிமேல் செயலியில் குறிப்பிட்ட நேரம் போடாமல் “காலை 10 முதல் 1 வரை” என்று மாற்றப்போகிறார்களாம். நான் கேட்டது அது இல்லை என்று சொன்னேன். ஒரே நேரத்தை மூன்று பேருக்குக் கொடுக்காதீர்கள். நோட்டுப் பையன் கையில் ஆன்லைன் பட்டியலைக் கொடுங்கள். டாக்டர் வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் போய்ச் சாப்பிட்டு வாருங்கள், உங்கள் இடம் அப்படியே இருக்கும் என்று ஒரு செய்தி அனுப்புங்கள். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அம்மா இப்போது மாதாமாதம் சிஸ்டரிடம்தான் போகிறார். பாதத்தை டாக்டர் தொட்டுப் பார்க்கவேண்டிய நாள் வந்தால் மட்டும் வேலூர். அன்றைக்கு மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் போட்டு டாக்டர் வந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறவேண்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.