லேபிளில் அச்சான லிங்க்: சொந்த டொமைன் வைத்து ஓட்டிய அனுபவம்

மார்த்தாண்டத்தில் லேபிள் அடிக்கிறவனுக்குத் தேன் பாட்டில் இல்லாமல் பிழைப்பு ஓடாது. ரப்பர் துளிர்க்கிற காலம் வந்தால் தேன் எடுப்பு, கூடவே லேபிள் ஆர்டர். இப்போது எல்லோரும் க்யூஆர் கோடும் கேட்கிறார்கள். அதில்தான் சிக்கல். பாட்டில் கடை அலமாரியில் நெடுநாள் இருக்கும். அதற்குள் வியாபாரி இலவசத் தளத்திலிருந்து வேறு தளத்துக்கு மாறியிருப்பார். "அண்ணே, ஸ்கேன் பண்ணினா ஒண்ணும் வரல்லியே" என்று போன் வரும். அடித்த லேபிளைத் திருத்த முடியுமா?

முதலில், அச்சான பிறகும் கோடு போய்ச்சேரும் இடத்தை மாற்றித் தரும் ஒரு 'டைனமிக் க்யூஆர்' நிறுவனம் வழியாக எடுத்துக் கொடுத்தோம். சந்தா முடிந்ததும் தேன் வாங்கினவருக்கு அந்த நிறுவனத்தின் விளம்பரம்தான் திறந்தது. சுருக்கு லிங்கையும் நம்ப முடியாது. கூகுளே தன் லிங்க் சுருக்கும் சேவையில் 2019-இல் புதியவை போடுவதை நிறுத்திவிட்டது.

அப்புறம் அச்சகத்தின் பெயரிலேயே ஒரு டொமைன், அதாவது சொந்த இணைய முகவரி, வாங்கினேன். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதில் ஒரு குட்டி முகவரி. லேபிளில் அச்சாவது அதுதான். அவர் தளத்தை எங்கே மாற்றினாலும் நான் ரீடைரக்ட்டை, அதாவது குட்டி முகவரி திருப்பிவிடும் இடத்தை, மட்டும் மாற்றினால் போதும். யோசனை பழையதுதான்: அமெரிக்க நூலகங்களின் ஓசிஎல்சி அமைப்பு 1995-இலேயே 'பர்ல்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது, 2016-இல் இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டியது 301, 302 சமாச்சாரம்: ரீடைரக்ட் செய்யும்போது சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் எண்கள். 301 என்றால் 'நிரந்தரமாக மாறிவிட்டது'. பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு நாம் மாற்றினாலும் பழைய இடத்துக்கே போகலாம். அதனால் லேபிளுக்கு 302, அதாவது 'தற்காலிகமாக மாறியிருக்கிறது', போடுகிறேன். ஒரு தளம் முழுதாக இடம் மாறி, திரும்ப வரப்போவதில்லை என்றால் பழைய பக்கங்களுக்கு 301 சரி.

எதிர்பாராத லாபம் ஒன்று: முகவரி சிறிதானால் க்யூஆர் கோடிலும் கட்டங்கள் குறையும். க்யூஆரில் மிகச் சிறியது 21-க்கு 21 கட்டம். எழுத்து கூடக்கூட நீளத்திலும் அகலத்திலும் நான்கு நான்காக ஏறும். வளைந்த பாட்டிலில், தேன் பிசுக்கு ஒட்டிய ஸ்டிக்கரில், இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. பிழை தாங்கும் அளவை 'எச்' வைத்தால் சுமார் 30 சதவீதம் சேதமானாலும் படிக்கும், ஆனால் கட்டம் கூடும். நான் அதைவிடக் குறைந்த அளவான 'எம்'மோடு நிறுத்திக்கொள்கிறேன்.

குறையும் உண்டு. டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாரும் வாங்கிவிடலாம். அப்போது என் வாடிக்கையாளர் எல்லோருடைய லேபிளும் அவர் கையில். அதனால் கொஞ்சம் பெரிய வியாபாரிகளிடம் சொந்த டொமைனே எடுக்கச் சொல்கிறேன். பாதிப்பேர் "நீங்களே பாத்துக்கிடுங்க" என்றுதான் சொல்வார்கள்.

தளம் மாறுவதற்கு முன் பழைய பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பகமான வேபேக் மெஷினில் சேமித்துவிடுவேன். இலவசம். எழுத்தும் படமும் பெரும்பாலும் ஒழுங்காக வருகின்றன. வீடியோவை நம்பாதீர்கள், ஆர்டர் படிவம் வேலை செய்யாது. சேமித்த முகவரியில் ஆண்டு முதல் நொடி வரை 14 இலக்கம் இருப்பதால் அது மிக நீளம். அதையும் குட்டி முகவரிக்குப் பின்னால்தான் வைக்கிறேன்.

கல்யாணக் கார்டுக்கு இதெல்லாம் வேண்டாம். மண்டபத்தின் மேப் லிங்கை நேராகவே போட்டுவிடலாம். முகூர்த்தம் முடிந்தபின் அதை யார் ஸ்கேன் செய்யப்போகிறார்கள்?