மடிப்பாக்கத்தில் 12 வருட உயிர்வேலி: எது நின்றது, எது போனது

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், ஒரு கிரவுண்டு மனையில் இருக்கிறது. தெருப்பக்கம் 40 அடி, பக்கவாட்டில் 60 அடி. 2013-ல் குடிவந்தபோது இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர் மட்டும்தான் கட்டியிருந்தோம். அதற்குமேல் தகரம் அடிக்க மனம் வரவில்லை. செடியாலேயே மறைப்பு வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அந்த 40 அடியில் இதுவரை மூன்று முறை செடி மாற்றியாகிவிட்டது. மூன்றாவதுதான் நிலைத்தது. வேலிச்செடி வைக்க நினைக்கும் சென்னைக்காரர்களுக்கு முதல் இரண்டு முறை நான் இழந்த பணமும் வருடங்களும் மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதல் முறை வைத்தது மஞ்சள் டுராண்டாவும் குட்டை இட்லிப்பூவும். நர்சரியில் டுராண்டாவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வெயிலில் எலுமிச்சை நிறத்தில் மின்னும், வெட்ட வெட்ட அடர்த்தியாகும், விலையும் குறைவு. வெளி வரிசையில் டுராண்டா, உள் வரிசையில் இட்லிப்பூ என்று அடிக்கு ஒன்றாக நட்டோம், மொத்தம் எண்பது செடி. எட்டு மாதத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது உண்மை. ஆனால் டுராண்டாவை மாதம் ஒருமுறை வெட்டியே ஆகவேண்டும். ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் நாலாபக்கமும் குச்சி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் மஞ்சள் காய்கள் நச்சு என்பதை நட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் அது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இட்லிப்பூவின் கதை வேறு. ஒரு வருடம் போனதும் இளம் இலைகள் வெளுத்து மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக, இடைப்பகுதி முழுக்க மஞ்சள். உரம் போதவில்லை என்று நினைத்துச் சாணி உரம், கடலைப் புண்ணாக்கு எல்லாம் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. காரணம் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) அப்போதே 1,900-ஐத் தொட்டிருந்தது. இட்லிப்பூவுக்கு லேசான அமிலத்தன்மையுள்ள மண் வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்ற மண் காரத்தன்மைக்கு மாறிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேர் அதை எடுக்க முடியாமல் போகும். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். மண்ணில் கொட்டினால் அதே காரத்தன்மையில் அதுவும் கட்டுப்பட்டுவிடும். அதனால் இலையில் தெளிப்பதுதான் சரி. ஆனால் வருடம் முழுவதும் இதையே செய்துகொண்டிருக்க வேண்டும். மெட்ரோ வாட்டர் தாராளமாக வரும் தெருவில், செம்மண் கலந்த மனையில் இட்லிப்பூ அருமையான வேலி. எங்கள் தண்ணீருக்கு அது ஒத்துவராது. இன்னொரு விஷயம்: ஆர்.ஓ. மெஷின் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நான் இட்லிப்பூவுக்கே ஊற்றிவந்தேன். அந்தத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதுதான் பாதி செடியைக் கொன்றது.

மிச்சத்தை 2015 டிசம்பர் வெள்ளம் முடித்துவைத்தது. எங்கள் தெருவில் ஐந்து நாள் தண்ணீர் வடியவில்லை. மடிப்பாக்கத்து மண் களிமண், பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு. தண்ணீர் வடிந்த பிறகும் வேர்ப்பகுதி பத்து நாள் சொதசொதவென்றே கிடந்தது. டுராண்டா வரிசையில் பிழைத்தவை நாலைந்துதான்.

இரண்டாவது முறை, 2016 ஆடியில், வரிசை முழுக்கச் செம்பருத்தி வைத்தேன். பூஜைக்குப் பூ, தலைக்கு இலை, மறைப்புக்கு வேலி என்று மூன்று லாபம் கணக்குப் போட்டேன். டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தது. பக்கத்து வீட்டு நெட்டிலிங்கங்கள் இரண்டு வேரோடு சாய்ந்தன, சின்னதாக இருந்த என் செம்பருத்திகள் தப்பின. அதற்கப்புறம்தான் மாவுப்பூச்சி வந்தது. ஒரே இனச் செடி வரிசையாக நின்றால் பூச்சிக்கு நடைபாதை போட்டுக் கொடுத்த மாதிரி. வடக்குக் கோடியில் ஒரு கிளையில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. அடுத்த மாதம் தெற்குக் கோடி வரை நுனிகள் சுருண்டு கட்டிபோல் ஆகிவிட்டன. எறும்பு அந்தப் பூச்சியைத் தூக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் மாவுப்பூச்சி விடும் இனிப்புத் திரவம் எறும்புக்குத் தீனி. சுருண்ட நுனியை வெட்டி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துவது, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதிசோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிப்பது, இந்த மூன்றையும் வாரம் தவறாமல் செய்தால் கட்டுக்குள் வரும். ஒரு வாரம் தவறினால் மறுபடி முதலிலிருந்து. தெருவில் திரியும் மாடுகளுக்கும் செம்பருத்தி இலை என்றால் உயிர். சுவருக்குமேல் தலை நீட்டியதெல்லாம் அவற்றின் வாய்க்குத்தான் போனது.

2019 கோடையில் போர் வறண்டது. லாரித் தண்ணீருக்கு முன்பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த நாட்கள் அவை. குடிக்கவே அளந்து பிடித்த வீட்டில் வேலிக்கு யார் தண்ணீர் விடுவது? செம்பருத்தி வரிசை கண்ணெதிரே காய்ந்தது.

அந்தக் கோடையில்தான் பக்கவாட்டுச் சுவரோரம் நின்ற மருதாணியை நான் முதன்முதலாக ஒழுங்காகக் கவனித்தேன். 2013-ல் என் மாமியார் வந்தவாசியிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துவந்த ஆறு குச்சிகள். "நட்டுவைம்மா, தானா வந்துக்கும்" என்று சொல்லி அவரே ஊன்றிவிட்டுப் போனார். நான் அதற்கு உரம் வைத்ததில்லை, தனியாகத் தண்ணீர் விட்டதில்லை. 2015 வெள்ளத்தில் அங்கும் தண்ணீர் நின்றது, ஆனால் அந்த இடம் அரை அடி மேடு. 2019-ல் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது, செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஆடி மழை இரண்டு பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்தது. ஆறு செடியில் ஒன்றுகூடப் போகவில்லை. அதற்கப்புறம் நர்சரிக்குப் போய் எது அழகு என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். ஐந்து நாள் வெள்ளத்தில் நிற்குமா, இரண்டு மாதம் தண்ணீரில்லாமல் தாங்குமா, மாடு வாய் வைக்காமல் இருக்குமா என்று மட்டும்தான் கேட்டேன்.

அப்படிக் கேட்டுத் தேர்ந்ததுதான் 2019 ஐப்பசியில் நட்ட இப்போதைய வேலி. மேடான நடுப்பகுதியில் மருதாணி. தண்ணீர் தேங்கும் இரண்டு கோடிகளிலும் நொச்சி. தெருவை ஒட்டிய வெளி வரிசையில் சங்கங்குப்பி. சங்கங்குப்பி கடலோர உப்பு மண்ணிலும் கழிமுகத்திலும் தானாக வளர்வது. எங்கள் போர் தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இலையைக் கசக்கினால் அடிக்கும் வாடைக்கு மாடும் ஆடும் கிட்டே வராது. எந்த வடிவத்துக்கு வெட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். வெள்ளைப் பூவிலிருந்து ஊதா நிறத்தில் நீண்ட மகரந்தக் கம்பிகள் தொங்கும். நொச்சி ஆற்றங்கரைச் செடி என்பதால் வெள்ளம் அதற்குப் பழக்கம். கொசு வராது என்று மாநகராட்சியே நொச்சிக் கன்று கொடுத்த காலம் உண்டு. செடி சும்மா நிற்பதால் எங்கள் வீட்டில் கொசு குறையவில்லை, காய்ந்த இலையைப் புகை போட்டால் குறைகிறது. ஆவி பிடிக்கவும் அரிசி டப்பாவில் வண்டு வராமல் இருக்கவும் அதே இலைதான். மதிலைக் காத்து நிற்கும் வீரர்களுக்கு நம் முன்னோர் சூட்டிய பூ நொச்சி, அதனால்தான் நொச்சித் திணை என்றே ஒரு திணை இருக்கிறது. என் மதிலோரம் அது பூக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும், மனசுக்கு நிறைவாக இருக்கும்.

நடும் முறையில் நான் மாற்றியவை கொஞ்சம்தான். தனித்தனிக் குழிக்குப் பதிலாக ஒன்றரை அடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால்போல் தோண்டினோம். எடுத்த களிமண்ணோடு ஆற்று மணலும் மட்கிய சாணி உரமும் கலந்து, தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலே வரப்பாக நிரப்பினோம். இந்த வரப்புதான் தண்ணீர் தேங்கும் ஏரியாவில் உயிர் காக்கும். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, முக்கோண அமைப்பில் மாற்றி மாற்றி, ஒன்றேகால் அடிக்கு ஒரு செடி. சம்ப், கழிவுநீர்க் குழாய் இருக்கும் பக்கம் நட வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் சீக்கிரம் மறைப்பு வரும் என்று கோனோகார்பஸ் வைத்து, வேர் குழாய்க்குள் புகுந்து, தரையை உடைத்துச் செலவு செய்தார். அந்தச் செடியை 2023-ல் குஜராத்தும் 2025-ல் தமிழ்நாடும் தடை செய்துவிட்டன. அரளியும் வறட்சி தாங்கும், மாடும் தொடாது. ஆனால் அதில் எல்லாப் பாகமும் விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது முதல் வெட்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் தோட்டவேலை செய்யும் செய்யூர்க்காரர். நட்டு நான்கு மாதத்தில் மருதாணி முட்டிக்கு மேல் வந்துவிட்டது, எனக்கு ஒரே சந்தோஷம். அவர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரு சாண் விட்டு வெட்டிடுங்கம்மா" என்றார்.

"இப்பத்தானேண்ணா தழைச்சு வருது!"

"தழைச்சது மேலதாம்மா. அடியப் பாருங்க, குச்சி குச்சியா நிக்குது. இப்ப விட்டுட்டா எப்பவும் அப்படியேதான் நிக்கும். வெட்டுங்க, நாய் நுழையாத அளவுக்கு அடையும்."

மனசில்லாமல்தான் வெட்டினேன். நுனி மொட்டு இருக்கும்வரை அது கீழே உள்ள பக்க மொட்டுகளைத் தூங்கவைத்திருக்கும். நுனி போனால்தான் அவை விழிக்கும். ஒவ்வொரு குச்சியும் அடியிலிருந்து நான்கைந்து கிளை விட்டது. அப்புறம் அரை அடி வளர்ந்ததும் மறுபடி பாதி. இரண்டு வருடம் இப்படியே உயர்த்தினோம். முதல் டுராண்டா வேலியில் நான் நேராக ஐந்தடி வளரவிட்டு மேலே மட்டும் தட்டையாக வெட்டியதால்தான் அடியில் ஓட்டை ஓட்டையாகப் பூனை நடமாடியது என்பது அப்போதுதான் புரிந்தது. வெட்டும் வடிவமும் அப்படித்தான்: அடி இரண்டரை அடி அகலம், உச்சி ஒன்றரை அடி. உச்சி அகன்றால் அடிக்கு வெயில் விழாது, அடி இலை உதிரும். உதிர்ந்த அடியை மறுபடி மூடவைப்பது பெரும்பாடு.

இப்போது வருடத்துக்கு மூன்று வெட்டு: பொங்கல் கழிந்ததும், ஆடியில், அப்புறம் வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில். மழையில் நனைந்த கிளை கனத்துச் சாயாமல் இருக்கக் கடைசி வெட்டு அவசியம். அக்னி நட்சத்திரத்தில் கத்தரியைத் தொடவே மாட்டேன். வெட்டிய இடம் வெந்து கருகும். நொச்சியை மட்டும் வருடம் ஒருமுறை இரண்டடிக்குக் குறைத்துவிடுவேன், இல்லாவிட்டால் மரமாகிவிடும். மின்சார டிரிம்மர் வாங்கினோம், சங்கங்குப்பிக்கு நன்றாக இருக்கிறது. முற்றிய மருதாணிக் கட்டையில் திணறுகிறது, அதற்குக் கைக்கத்தரிதான். பழைய மருதாணிக் கிளையில் முள் உண்டு, செருப்பில்லாமல் நிற்காதீர்கள். வெட்டும் முன் கிளையை விலக்கிப் பார்ப்பது என் வழக்கம். பங்குனி, சித்திரையில் மருதாணிக்குள் சின்னான் குருவி கூடு கட்டும். கூடு இருந்தால் அந்த ஐந்தடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டுவோம். குஞ்சு பறந்த பிறகு சமன் செய்துகொள்ளலாம், அவசரம் ஒன்றுமில்லை.

உரம் என்றால் வருடம் ஒரு மூட்டை சாணி உரம். வெட்டிய இலைகளையே வேரடியில் மூடாக்காகப் பரப்புகிறோம், தண்டை ஒட்டி ஒரு சாண் இடைவெளி விட்டு. பாம்பு பயம் உள்ளவர்களுக்கும் அந்த இடைவெளி உதவும், என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மறுபடி நான்கு நாள் தண்ணீர். நொச்சியும் சங்கங்குப்பியும் அசையவில்லை. வடகிழக்கு மூலையை ஒட்டி, வரப்பு கரைந்து தாழ்ந்துபோன இடத்தில், மூன்று மருதாணி அழுகிவிட்டது. அந்தப் பள்ளத்தில் மருதாணி வைத்தது என் தவறு. இன்றுவரை அங்கே நான்கடி இடைவெளி தெரிகிறது. புரட்டாசி வெட்டில் பென்சிலைவிடத் தடித்த நொச்சிக் குச்சிகளாகப் பார்த்துப் பத்து எடுத்து வைத்திருக்கிறேன். வரப்பை உயர்த்தியாகிவிட்டது. முதல் நல்ல மழை பெய்த மறுநாள் ஊன்றப்போகிறேன்.