மயிலாடியில் பொறித்து வாங்கிய பெயர்க்கல்

திருவனந்தபுரத்தில் டிசைன் படிக்கிறேன், வீடு களியக்காவிளை. ஒரு கற்பனைப் பல்கலைக்கழகத்துக்கு முத்திரை, எழுத்துரு, வாசல் பெயர்ப்பலகை எல்லாம் செய்வதுதான் இந்த செமஸ்டர் வேலை. பலகையை மட்டும் நிஜக் கல்லில் உளியால் பொறித்து வைக்க ஆசை. எங்கள் பக்கத்துப் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866-லேயே 95 மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலை ஏற்படுத்தி, அதைச் செப்பேட்டிலும் பொறித்து வைத்தான். அந்த மண்ணில் இருந்துகொண்டு ஃபிளெக்ஸ் அடிக்க மனசு வரவில்லை.

முதலில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கடையில் விசாரித்தேன். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டி, மணலைப் பீய்ச்சி அடித்து, பள்ளத்தில் பெயிண்ட் நிரப்பி அன்றைக்கே கொடுத்துவிடுவார்கள். மாதிரிக்குக் காட்டிய கல்லில் எழுத்தின் அடி தட்டையாக இருந்தது. பெயிண்ட் உரிந்த இடத்தில் எழுத்தே தெரியவில்லை.

அப்புறம்தான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்குப் போனேன். அங்கே பெரும்பாலும் சாமி சிலை வேலை. நான் போனது தகரக் கொட்டகை போட்ட ஒரு சின்னப் பட்டறை. எழுத்து வேலையை வயதில் மூத்த ஒருவர் மட்டும் செய்கிறார். நான் கொண்டுபோன பிரிண்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மக்களே, இதுல நாலு ‘க’ வருது, எண்ணிப் பாத்தியா?”

இரண்டு மாதமாக ‘பல்கலைக்கழகம்’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எண்ணியதே இல்லை. ‘க’-வுக்குத் தலையில் கோடு உண்டு. ‘ழ’-வின் மேல்பக்கம் திறந்தே கிடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி விட்டால் ‘ழ’ பக்கத்தில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும் என்றார். என் பிரிண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, நூல் பிடித்துக் கோடு போட்டு, சாக்பீஸால் கல்லிலேயே எழுதினார். ‘ழ’-வின் இருபுறமும் இருந்த ‘க’-க்களை உள்ளே நெருக்கிவிட்டார். நான் கம்ப்யூட்டரில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்து, “லை பழசா, புதுசா?” என்று கேட்டார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’யைத் தரையில் எழுதிக் காட்டினார். ‘ல’-வின் தலையிலேயே யானைத் துதிக்கை போல ஒரு சுழி, ஒரே எழுத்தாக, அத்தனை அழகு. வாசலில் எல்லோரும் வாசிக்க வேண்டுமே என்று, “கல்லுக்குப் புதுசே போதும் அண்ணாச்சி” என்றேன். அந்தப் பழைய ‘லை’யை ஃபோட்டோ எடுத்துவந்து முத்திரையின் நடுவில் வைத்திருக்கிறேன்.

வெட்டும்போது இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார விட்டார். முதலில் எழுத்தின் நடுவே கூர் உளியால் ஒரு கோடு, பிறகு இரு கரையிலிருந்தும் அதை நோக்கிச் சரித்துக்கொண்டே வருகிறார். மூன்று புள்ளிகளையும் உளியைத் திருப்பித் திருப்பித் தட்டிக் குழித்தார். பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் வெட்டுப்பட்ட இடம் வெளிர் சாம்பலாகத் தெரிகிறது. சாய்வெயிலில் பள்ளத்தின் ஒரு சரிவு வெளிச்சம், மறு சரிவு நிழல். பெயிண்டே தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. கோயில் வேலை வந்துவிட்டதால் எட்டு நாள் தாமதம். ‘ம்’-மின் வலது ஓரத்தில் அரிசி அளவு சில்லுப் போயிருக்கிறது; அவரே காட்டி முந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார். மூன்றடி நீளம், ஓரடி அகலம், இரண்டு அங்குலக் கனத்துக்கு மொத்தம் 6,200 ரூபாய் ஆனது. முதல் கடையில் கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எனக்கு வருத்தமில்லை.

போகிறவர்கள் பென்டிரைவ் கொண்டுபோக வேண்டாம். எழுத்தை உண்மை அளவில் கையால் வரைந்து கொண்டுபோங்கள், பேச வசதியாக இருக்கும். வண்டிக்கும் சொல்லி வையுங்கள். கல் நாற்பது கிலோ வரும், பஸ்ஸில் ஏற்ற முடியாது.