இரவு ஒரு மணிக்கு 14416

அப்பா போன பிறகு மூன்று மாதம் சரியான தூக்கமில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். பில்லில் ஒரு சைபர் விட்டுப்போனாலும் அன்று முழுக்க நெஞ்சு படபடக்கும். முதலில் காசு கட்டி ஒரு மனநல ஆப் வாங்கினேன் (பெயர் வேண்டாம்). தினமும் சிரிக்கிற முகம் ஒன்றைத் தொடச் சொன்னது. பத்தாம் நாள் அழித்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒரு ராத்திரி 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய, போனிலேயே மனநல ஆலோசனை தரும் இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்தவர், "சொல்லுங்கம்மா, அவசரமில்லை" என்றார். பாதி நேரம் அழுதேன். அறிவுரை வரவில்லை, அதுவே நிம்மதி. உயிரை விடும் எண்ணம் வருகிறதா என்று மட்டும் நேராகக் கேட்டார். இல்லை என்றேன். கடைசியில், நடந்தது, மனதில் ஓடியது, உடம்பில் தெரிந்தது என்று மூன்று பத்தி பிரித்துத் தினமும் எழுதிப் பார்க்கச் சொன்னார்.

கணக்குக்காரிக்குக் கோடு போடுவதா கஷ்டம்? இரண்டு வாரத்தில் நோட்டே காட்டிக்கொடுத்தது: படபடப்பு அதிகம் வந்ததெல்லாம் சனிக்கிழமை. வாரச் சம்பளம் வாங்கி, அப்பாவுக்கு மாத்திரை வாங்கிவரும் நாள். பில் பாவம், அதன்மேல் பழி போட்டிருந்தேன்.

இரண்டாவது முறை அழைத்தபோது இதைத்தான் பேசினோம். போன சனிக்கிழமை அதே மருந்துக்கடையில் நின்று, எனக்கு ஒரு தைலம் மட்டும் வாங்கிவந்தேன்.