பிரிண்டரை வைஃபையில் விட்டிருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டு பிரிண்டர் வைஃபையில் இணைந்திருந்தால், முதலில் போய் அதன் செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை ஆஃப் செய்துவிட்டு வாருங்கள். காரணத்தை அப்புறம் படிக்கலாம்.

என்னுடையது பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூன்றும் செய்யும் இங்க்ஜெட். பெரிய கம்பெனிதான், பெயர் வேண்டாம். வாங்கும்போதே "வெளி காட்ரிட்ஜ் போடலாமா?" என்று கேட்டேன், அதாவது வேறு கம்பெனி செய்த இங்க் டப்பா. "தாராளமா போடுங்க சார்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய வெளி காட்ரிட்ஜ்தான் ஓடியது. ஒரிஜினல் விலையில் பாதிகூட இல்லை. மனைவி டியூஷனுக்கு எடுக்கும் கேள்வித்தாள்களுக்கு அந்தக் கறுப்பே தாராளம்.

ஒரு நாள் காலையில் பிரிண்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. அதிலிருந்து, இந்த காட்ரிட்ஜை ஏற்க முடியாது என்று ஒரே பிடிவாதம். முந்தின ராத்திரிவரை ஏற்றுக்கொண்ட அதே காட்ரிட்ஜ். பிரிண்ட் போகட்டும், ஸ்கேன்கூட எடுக்க விடவில்லை. ஸ்கேனுக்கு எதற்கய்யா இங்க்?

ரிச்சி ஸ்ட்ரீட்காரர் பார்த்ததுமே, "அப்டேட் போட்டீங்களா சார்?" என்றார். "நான் போடல, அதுவே போட்டுக்கிச்சு." "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று சிரித்தார். காட்ரிட்ஜில் ஒரு சின்ன சிப் இருக்கும். அதைத்தான் பிரிண்டர் விசாரிக்கிறது. சிப் தங்களுடையது இல்லையென்றால் வேலையை நிறுத்து என்று அப்டேட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கஸ்டமர் கேரில் கேட்டால், எல்லாம் என் பாதுகாப்புக்காகவாம். சிப் வழியாக வைரஸ் வரலாமாம். பழைய ஃபர்ம்வேரையே (பிரிண்டருக்குள் இருந்து அதை இயக்கும் சாஃப்ட்வேர்) திருப்பிப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அதற்கு வழியே இல்லையாம்.

வியாபாரத்தில் அரசாங்கம் கட்டுப்பாடு போடக்கூடாது என்பவன் நான். "இப்பவாவது அரசாங்கக் கட்டுப்பாடு வேணும்னு ஒத்துக்கிறியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை.

பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு இங்கில் லாபம் பார்ப்பது அவர்கள் வியாபாரம். "எங்கள் காட்ரிட்ஜ் மட்டும்தான்" என்று பெட்டியில் எழுதி விற்றால் அதுவும் அவர்கள் இஷ்டம். பிடிக்காதவன் வேறு வாங்கிக்கொள்வான். திரும்பக் கடைக்குப் போய் அதே மாடலின் புதுப் பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வரி அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. என் பெட்டியில் இல்லை. விற்றபோது இல்லாத நிபந்தனையை, பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு, என் வீட்டுக்குள் வந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். வீட்டை விற்றவன் ராத்திரியோடு ராத்திரியாக வந்து பூட்டை மாற்றினால் அதைச் சுதந்திரச் சந்தை என்று யாராவது சொல்வார்களா?

இந்த மாதிரிப் பூட்டுகளுக்குக் காவல் நின்றதும் சட்டம்தான். அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு, டிஜிட்டல் பூட்டை உடைப்பதையே தடை செய்தது. அதை வைத்துக்கொண்டு லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி, தன் டோனர் (லேசர் பிரிண்டரின் மைப்பொடி) காட்ரிட்ஜுக்கு மாற்றுச் சிப் செய்த ஸ்டாடிக் கன்ட்ரோல் மேல் வழக்குப் போட்டது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. அடுத்து லெக்ஸ்மார்க் காப்புரிமையை (பேட்டன்ட்) கையில் எடுத்தது. பொருளை விற்றதோடு அதன் மேல் உள்ள காப்புரிமை தீர்ந்துபோகிறது என்று 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு அது. கோர்ட்டில் கிடைக்காததை இப்போது பிரிண்டர் கம்பெனிகள் ஃபர்ம்வேரில் எடுத்துக்கொள்கின்றன. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு அவ்வளவு மோசமில்லை, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால்தான் தண்டனை.

சரி, இதற்கென்று புதுசாக ஒரு விதி போட்டால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்ட் 3 ஞாபகம் இருக்கிறதா? லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று திடீரென்று அறிவித்தார்கள். கூச்சல் கிளம்பியதும் தள்ளிவைத்து, கடைசியில் நவம்பர் 1 முதல் ஆன்லைனில் அனுமதி வாங்கு என்றார்கள். அதே கைகளில் காட்ரிட்ஜையும் கொடுத்தால் சிப்புக்கு ஒரு சான்று, சான்றுக்கு ஒரு கட்டணம் என்று போகும். பெரிய கம்பெனி கட்டிவிடும். முதலில் ஷட்டரை இறக்குவது ரிச்சி ஸ்ட்ரீட்டின் சின்னக் கடைதான்.

பேச்சை மீறியவனைக் கூப்பிட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பது வேறு விஷயம். அரசாங்கம் இருப்பதே அதற்குத்தான் என்பது என் கட்சி. அதனால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தும் பதிவு செய்யலாம். புகார் போனதும் கம்பெனியிலிருந்து குழைவாக ஒரு போன்: நல்லெண்ண அடிப்படையில் ஒரு செட் ஒரிஜினல் காட்ரிட்ஜ் இலவசமாகத் தருகிறோம் என்று. பழைய ஃபர்ம்வேர் அல்லது பணம், இரண்டில் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன். பதில் இல்லை.

பாட்டிலிலிருந்து இங்கை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் மாடல் வாங்கினால் தப்பிக்கலாம் என்பார்கள். சிப் தொல்லை பெரும்பாலும் இல்லைதான். ஆனால் அதிலும் வீணாகும் இங்கை உறிஞ்சும் பேடு ஒன்று உண்டு. அதற்கு ஒரு கவுண்டர் ஓடிக்கொண்டே இருக்கும், எண்ணிக்கை முடிந்தால் பிரிண்டர் நின்றுவிடும். பேடை நாமே மாற்றலாமா, கவுண்டரை யார் ரீசெட் செய்வது, எவ்வளவு ஆகும் என்று வாங்கும்போதே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருந்தால் யுஎஸ்பி கேபிளே போதும், பிரிண்டருக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுக்க வேண்டாம். ஆனால் கம்பெனியின் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் போட்டால் அது வழியாகவும் அப்டேட் இறங்கும், கம்ப்யூட்டருக்குப் பிரிண்டரை அடையாளம் காட்டும் டிரைவர் மட்டும் போடுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஆறு பக்கமும் போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். என் பெட்டி பரணில் கிடந்ததால்தான் புகாரில் இணைக்க ஆதாரம் கிடைத்தது.