நகரும் குதிரைக் கொட்டகை: மரமா, தகரமா, தார்ப்பாயா?

இங்கிலாந்தில் குதிரை வைத்திருக்கும் பலரும் வாடகைப் புல்வெளியில்தான் மேய விடுகிறார்கள். அடுத்தவர் நிலத்தில் அஸ்திவாரம் தோண்டி லாயம் கட்ட முடியாது. அடியில் சறுக்குச் சட்டம் வைத்து, கொக்கி மாட்டி இழுத்துப் போகும் கொட்டகைக்கு இங்கே இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான். செஷயரில் நாங்கள் எடுத்திருக்கும் வயல் முழுக்கக் களிமண். அதில் ஒரு குதிரையும் ஒரு மட்டக்குதிரையும் நிற்கின்றன. முதல் கொட்டகையை அழகு பார்த்து வாங்கினோம். நவம்பர் மழைக்குப் பிறகு அது அங்குலம்கூட நகரவில்லை. வாசல் முழுக்கச் சேறாகி, மட்டக்குதிரையின் கால்களில் தோல் வெடித்துப் புண் வந்தது. அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு, எந்தக் கொட்டகையைப் பார்த்தாலும் என் கண் முதலில் அடிச்சட்டத்துக்குத்தான் போகிறது.

சட்டத்தில் இரண்டு வகை. மரச்சட்டம் விலை குறைவு. மணல் கலந்த, நீர் வடியும் நிலத்தில் நன்றாகவே உழைக்கும். ஆனால் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மரம், என்னதான் மருந்து ஏற்றியிருந்தாலும், ஈரம் குடித்துக் கனக்கும், சில வருடங்களில் அடியிலிருந்து மட்கத் தொடங்கும். துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்புச் சட்டம், முனைகள் படகுபோல மேல்நோக்கி வளைந்திருந்தால், மண்ணைக் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வரும். களிமண் நிலமென்றால் கூடுதல் பணம் கொடுத்தாவது இரும்பையே வாங்குங்கள். இழுக்கும் வளையம் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும், மூலைகளில் குறுக்குத் தாங்கு கட்டை இருக்க வேண்டும். மூலைத் தூணில் கயிறு கட்டிக் கோணலாக இழுத்தால் கூடு முறுகி, கூரைத் திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும்.

அப்புறம் சுவர். மரப்பலகைச் சுவர் கோடையில் அதிகம் சூடேறாது, மழைச் சத்தத்தையும் அடக்கும். குதிரை உதைத்தால் உடைவது ஒரு பலகைதான். அதை நாமே மாற்றிவிடலாம். உள்ளே நாலடி உயரத்துக்குக் கனமான ஒட்டுப்பலகை அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் குளம்பு வெளிப்பலகையைத் துளைத்துக்கொண்டு போய்விடும். மரத்தின் தொல்லை, குதிரை அதைக் கடித்துக் குதறுவது. கதவு விளிம்பிலும் தூணிலும் தகரப் பட்டை அடித்தால்தான் தப்பும்.

தகரச் சுவர் கடிபடாது, மட்காது, இழுக்கவும் லேசு. ஆனால் வெறும் தகரத்தைக் குதிரை உதைத்தால் விளிம்பு கிழிந்து கத்தியாகிவிடும். குளிர்கால விடியலில் கூரையின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். கனமழைக்குப் பறை அடித்ததுபோல் அதிர்வதால், பயந்த குதிரை உள்ளே வராமல் வெளியே நின்று நனையும். உள்ளே பலகை அடித்த தகரமென்றால் வாங்கலாம். அது இல்லாததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், என் குதிரைக்கு நான் வாங்க மாட்டேன்.

குழாய் வளைவின் மேல் தார்ப்பாய் போர்த்திய கூடாரத்தை இரண்டு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிடலாம். அந்த லேசுதான் அதன் ஆபத்தும். மண்ணில் ஆணி இறக்கிக் கட்டாமல் விட்டால் ஒரு புயலில் வேலி தாண்டிப் போகும். வெயில் பட்டுப் பட்டு துணியும் சில வருடங்களில் நைந்துவிடும். கோடை நிழலுக்குச் சரி, குளிர்காலத்துக்கு இதை நம்பாதீர்கள். சக்கரம் வைத்த கொட்டகை காய்ந்த நிலத்தில் சொகுசாக உருளும். எங்கள் களிமண்ணில் சறுக்குச் சட்டத்துக்கு முன்னால் சக்கரம்தான் புதையும்.

கொட்டகையே வேண்டாம், மரநிழலும் புதர்வேலியும் போதும் என்பவர்களும் உண்டு. அதை நான் தள்ளிவிட மாட்டேன். குளிரை மட்டும் குதிரை நன்றாகத் தாங்கும். மழையும் காற்றும் சேரும்போதுதான் வாடும், கோடையில் ஈயும் கொசுவும் மொய்க்கும்போது ஒதுங்க இடம் தேடும். அடர்ந்த வேலி காற்றை நன்றாகவே தடுக்கும். ஆனால் அந்த மரம் சிக்கமோராக (இங்கே வளரும் மேப்பிள் வகை மரம்) இருந்தால் அங்கே குதிரையை விடாதீர்கள். இலையுதிர் காலத்தில் விழும் அதன் விதைகளிலும் வசந்தத்தில் முளைக்கும் கன்றுகளிலும் ஹைபோகிளைசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது தசைகளை அழிக்கும், இதயத் தசையையும் விடாது. தாக்கப்படும் குதிரைகளில் பிழைப்பதைவிடச் சாவதே அதிகம்.

அளவு விஷயத்தில் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நல அமைப்பு லாயங்களுக்குச் சொல்லும் கணக்கு உதவும்: மட்டக்குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி, குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி. இரண்டு குதிரைகளுக்கு 24 அடிக்கு 12 அடி எடுப்பது வழக்கம். முன்பக்கம் அகலமாகத் திறந்திருக்கட்டும், அல்லது இரண்டு வாசல் இருக்கட்டும். ஒற்றை வாசலென்றால் வலுத்த குதிரை குறுக்கே நின்றுகொண்டு மற்றதை மழையில் விட்டுவிடும். இரண்டு பாதியாகப் பிரித்து இழுக்கும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். எடை பாதியானால் சாதாரண ஃபோர் வீல் டிரைவ் வண்டிகூடக் காய்ந்த நிலத்தில் இழுத்துவிடும். முழுசாக இழுக்கப் பக்கத்துப் பண்ணைக்காரரின் டிராக்டருக்குக் காத்திருக்க வேண்டும்.

‘நகரும் கொட்டகைக்குத் திட்ட அனுமதியே (கட்டடம் கட்ட உள்ளூர் கவுன்சிலிடம் வாங்கும் அனுமதி) வேண்டாம்’ என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அது கட்டடமா இல்லையா என்பதை அளவு, எவ்வளவு காலம் ஒரே இடத்தில் நிற்கிறது, மண்ணோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்ற மூன்றையும் வைத்தே பார்ப்பார்கள். அடியில் கான்கிரீட் போட்டு ஒரே மூலையில் வருடக்கணக்காக விட்டால் நகரும் கொட்டகை என்ற வாதம் தளர்ந்துவிடும். இன்னொன்று, விவசாய நிலத்தில் குதிரை வெறுமனே மேய்ந்தால் அது விவசாயப் பயன்பாடு. தினமும் தீவனம் போட்டு, சவாரிக்கென்று அங்கேயே வைத்து வளர்த்தால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கே அனுமதி வாங்க வேண்டிவரும். வாங்குமுன் உள்ளூர் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இப்போது எங்களிடம் இருப்பது இரும்புச் சட்டம், மரச்சுவர், தார் ஊறிய நெளிகூரை, பிரியும் இரண்டு பாதி. செப்டம்பரில், மழை இறங்குமுன், வயலின் மேட்டுப் பகுதிக்கு இழுத்து, தென்மேற்குக் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தி, நான்கு மூலையிலும் மண் ஆணி இறக்குகிறோம். வாசலில் சேறு தாங்கும் பிளாஸ்டிக் கட்டங்களைப் பதிக்கிறோம். ஏப்ரல் கடைசியில் நிலம் இறுகியதும் வேலி நிழலுக்கு இழுத்துப் போகிறோம். பழைய இடத்தில் புல் விதைத்து, குதிரைகள் மிதிக்காமலிருக்கக் கயிறு கட்டிவிடுகிறோம்.